பசுமைப் பொருள்களும் நிறுவனங்களின் இலாபமும்

மும்பை மாநகரின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்று பகுதிகளும் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்றச் சென்ற குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறின. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்றவர்கள் தாராவியில் நிலைகொண்டனர். இன்று இம்மூன்று இடங்களும் பொருளாதார மாணவர்களுக்கு வேறொரு வகையிலும் பயன்படுகின்றன. மாட்டுங்காவில் புதிய இரசாயன முறைகளை ஆராயும் உயர்கல்வி நிலையம் உள்ளது. செம்பூரிலும் அதனை அடுத்த டிராம்பே, மாகுல், விக்ரோலி ஆகிய இடங்களிலும் உரம், எரிபொருள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு தொடர்புடைய பெருந்தொழில்கள் வளர்ந்தன. பயன்படுத்திக் கழித்த பொருள்கள் தாராவியில் பிரிக்கப்பட்டு மீண்டும் மூலப்பொருள்களாகின்றன. ஒரு பொருள் உருவாகும் நிலை, உற்பத்தியாகும் நிலை, கழிக்கப்பட்ட பிந்தைய நிலை ஆகிய மூன்றையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் காணலாம்.

சுற்றுச்சூழலுக்குக் குறைந்த ஊறு செய்யும் பொருள்களை உருவாக்குவதற்காகச் செலவிடும் தொழில்நுட்ப நிறுவனம் இலாபம் அடைகின்றதா, நட்டம் அடைகின்றதா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சமுதாயத்துக்குக் கிடைக்கும் நன்மை தானாகவே நிறுவனத்தின் வருவாயாகிவிடுவதில்லை. அரசு விதிகள், சந்தை விலை, நிறுவனம் முடிவெடுக்கும் காலம் ஆகிய மூன்றும் இணங்கும்போதுதான் அது இலாப நட்டக் கணக்கில் இடம்பெறுகின்றது. அந்தக் கணக்கில் இடம்பெறாத செலவை வேறு எவரோ ஏற்கின்றனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பசுமைப் பொருள் என்பது யாது?

உற்பத்தி, பயன்பாடு, கழிவு ஆகிய மூன்று நிலைகளிலும் முந்தைய பொருளைவிடக் குறைந்த மூலப்பொருளையும் எரிசக்தியையும் கொள்வதும், நிலம், நீர், காற்று ஆகியவற்றைக் குறைவாக மாசுபடுத்துவதும் பசுமைப் பொருள் எனப்படும். இது ஓர் ஒப்பீட்டுச் சொல். இன்று பசுமையானதாகக் கருதப்படும் பொருள் பத்தாண்டுகளுக்குப் பின்னர் அவ்வாறு கருதப்படாமல் போகலாம்.

இத்தகைய பொருள் நிறுவனத்தின் நிதிநிலையை நான்கு வழிகளில் பாதிக்கின்றது. முதலாவது, உற்பத்திச் செலவு. மூலப்பொருளும் மின்சாரமும் மிச்சமானால் செலவு குறையும்; புதிய இயந்திரங்களுக்கும் பயிற்சிக்கும் ஆகும் முதலீடு அதனை உயர்த்தும். இரண்டாவது, விற்பனை வருவாய். வாங்குவோர் கூடுதல் விலை தர முன்வந்தாலோ, பழைய பொருளின் விற்பனைக்குத் தடை வந்தாலோ வருவாய் பெருகும். மூன்றாவது, இடர். வருங்காலத் தடைகள், அபராதங்கள், மூலப்பொருள் தட்டுப்பாடு ஆகியவற்றிலிருந்து நிறுவனம் தப்பலாம். நான்காவது, மூலதனம் கிடைக்கும் எளிமை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்னும் செபியின் விதி 2022–23ஆம் நிதியாண்டு முதல் கட்டாயமாயிற்று. கடன் வழங்குவோரும் முதலீட்டாளர்களும் இவ்விவரங்களை எடைபோட இதனால் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

மாட்டுங்கா: ஆய்வுக்கூடத்தில் தொடங்கும் கணக்கு

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறையாக 1933இல் தொடங்கப்பட்ட நிலையம், 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயரில் மாட்டுங்காவில் இயங்கி வருகின்றது. நாட்டின் சாயம், மருந்து, பெயின்ட், பிளாஸ்டிக் தொழில்களின் வளர்ச்சியில் இங்குப் பயின்றவர்களுக்குக் கணிசமான பங்குண்டு.

இரசாயனத் துறையில் பசுமையும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. ஒரு கிலோகிராம் பொருளைத் தயாரிக்கும்போது எத்தனை கிலோகிராம் கழிவு உண்டாகின்றது என்னும் அளவுகோலை ரோஜர் ஷெல்டன் என்னும் அறிஞர் 1992இல் முன்வைத்தார். அவருடைய கணிப்பின்படி எண்ணெய்ச் சுத்திகரிப்பில் இவ்வளவு 0.1 கிலோகிராம் அளவிலேயே இருந்தது; நுண் இரசாயனங்களில் 5 முதல் 50 வரையிலும், மருந்துப் பொருள்களில் 25 முதல் 100 வரையிலும் அதற்கு மேலும் உயர்ந்தது. கழிவாக வெளியேறுவது அனைத்தும் நிறுவனம் விலை கொடுத்து வாங்கிய மூலப்பொருளே. ஆகவே கழிவைக் குறைக்கும் முறையைக் கண்டறிபவர், கொள்முதல் செலவையும் கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் ஒருங்கே குறைக்கின்றார்.

எனினும், ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற முறை தொழிற்சாலையில் இலாபம் தருவதற்கு நெடுங்காலம் ஆகலாம். வைக்கோல் போன்ற வேளாண் கழிவுகளிலிருந்து எத்தனால் தயாரிக்கும் முறையை, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் மாட்டுங்கா நிறுவனத்தில் அமைந்த எரிசக்தி மையம் உருவாக்கியது. நாளொன்றுக்கு 10 டன் கழிவைக் கையாளும் செயல்விளக்க ஆலை 2016 ஏப்ரலில் உத்தரகாண்ட் மாநிலத்தின் காசிப்பூரில் தொடங்கப்பட்டது. ஆயினும் வணிக அளவில் இத்தகைய ஆலைகளை நிறுவுவதற்குத் தனியார் முதலீடு மட்டும் போதவில்லை. செலவுக்கும் வருவாய்க்கும் இடைப்பட்ட பள்ளத்தை ஈடுசெய்வதற்காக 1,969.50 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ‘ஜீவன்’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2019இல் ஒப்புதல் அளித்தது. முதலில் முயல்பவரின் அனுபவத்திலிருந்து பின்வருவோர் அனைவரும் பயன் பெறுகின்றனர். ஆனால் பிழைகளின் செலவு முதலில் முயன்றவருக்கே உரியது. இந்த ஏற்றத்தாழ்வுதான் பொதுப் பணத்தைச் செலவிடுவதற்கான பொருளாதார நியாயம்.

விக்ரோலியின் குளிர்பதனப் பெட்டி

ஆய்வு பொருளாக உருப்பெற்றுச் சந்தைக்கு வந்தபின் நிகழ்வதை அறிய, செம்பூருக்கு வடக்கேயுள்ள விக்ரோலியின் அனுபவம் உதவும். கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் குளிர்பதனப் பெட்டிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அக்காலத்தில் உலகெங்கும் இப்பெட்டிகளில் குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்களே பயன்பட்டன. அவை ஓசோன் படலத்தை அழிப்பவை எனத் தெரிந்தபின், 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. 2010 ஜனவரி முதல், ஆஸ்துமா நோயாளிகளுக்கான மருந்துக் குப்பிகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, இவ்வாயுக்களின் உற்பத்தி இந்நாட்டில் நிறுத்தப்பட்டது.

அப்போது உற்பத்தியாளர்கள் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன் வகையைச் சேர்ந்த ‘134ஏ’ வாயு. அது ஓசோனைப் பாதிக்காது. ஆனால் புவியை வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் 1,400 மடங்குக்கும் அதிகம். மற்றொன்று, ஐசோபியூட்டேன் போன்ற எளிய ஹைட்ரோ கார்பன். வெப்பமாக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. தனியுரிமைக் கட்டணமும் இல்லை. ஆனால் அது தீப்பற்றக் கூடியது. வீட்டுப் பெட்டி ஒன்றுக்கு 150 கிராமுக்கும் குறைவான அளவே தேவைப்படுவதால் பயன்படுத்துவோருக்கு ஏற்படும் அபாயம் சிறிது. தொழிற்சாலையிலோ வாயுக் கசிவை அறியும் கருவிகளும், காற்றோட்ட வசதியும், தீப்பொறி எழாத மின் அமைப்புகளும் வேண்டும். 1990களில் ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் நடைபெற்ற ‘எகோஃபிரிக்’ திட்டத்தில் பங்கு கொண்ட கோத்ரெஜ், இரண்டாம் வழியைத் தேர்ந்து, 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹைட்ரோ கார்பன் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இம்முடிவின் நிதிப்பயன் பின்னரே தெளிவாயிற்று. ஹைட்ரோ ஃபுளோரோ கார்பன்களையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்னும் கிகாலித் திருத்தம் 2016இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2021இல் அதனை உறுதி செய்தது. 134ஏ வழியில் சென்றவர்கள் உற்பத்தி முறையை இரண்டாம் முறையும் மாற்ற வேண்டியதாயிற்று. முன்னரே மாறியவருக்கு அச்செலவு ஒருமுறையோடு முடிந்தது. தவிர்க்கப்பட்ட செலவு எந்த ஆண்டறிக்கையிலும் வருவாயாகக் காட்டப்படுவதில்லை. எனினும் பசுமைப் பொருளால் கிடைக்கும் ஆதாயங்களுள் அது முதன்மையானது.

இதே நிறுவனம் 2012இல் புரொப்பேன் வாயுவைக் கொண்ட அறைக் குளிரூட்டிகளையும் ஜெர்மன் உதவியுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இங்குப் பயணம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. குளிரூட்டிக்குக் கூடுதலான வாயு தேவை. பாதுகாப்புத் தரங்கள் அதன் அளவைக் கட்டுப்படுத்தின. வீடுதோறும் சென்று கருவியைப் பொருத்துவோருக்குத் தனிப் பயிற்சி அளிக்க வேண்டியிருந்தது. சந்தையின் பெரும்பகுதி ‘ஆர்-32’ என்னும் வேறொரு வாயுவின் பக்கம் சென்றது. தொழில்நுட்பத்தில் முந்துவது போதாது. பழுது பார்ப்போர், தர விதிகள், உதிரிப் பாகங்கள் ஆகியவை அடங்கிய முழு அமைப்பும் உடன் வர வேண்டும் என்பதற்கு இது சான்று.

சிறு குடும்பங்களுக்காக இந்நிறுவனம் உருவாக்கிய ‘சோட்டுக்கூல்’ கருவியும் ஈண்டுக் கருதத்தக்கது. கம்ப்ரசர் இன்றி, எடை குறைவாக, மின்கலத்திலும் இயங்கக்கூடியதாக வடிவமைக்கப்பட்ட அக்கருவி உலகெங்கும் பாராட்டைப் பெற்றது; ஆனால் எதிர்பார்த்த ஏழை எளிய குடும்பங்களிடையே பரவவில்லை. பாராட்டும் விற்பனையும் வேறு வேறு கணக்குகள்.

முத்திரையின் பங்கு

வாங்குவோர் ஒரு கருவியின் விலையைக் கடையிலேயே காண்கின்றனர். அது உண்ணும் மின்சாரத்தின் விலையைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்கின்றனர். 2002இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம், 2006இல் நட்சத்திர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கி இந்த அறியாமையைப் போக்க முனைந்தது. குளிர்பதனப் பெட்டி, அறைக் குளிரூட்டி முதலியவற்றுக்கு 2010இல் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, 2,500 ரூபாய் கூடுதல் விலையுள்ள பெட்டி ஆண்டுக்கு 100 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றது எனவும், ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய் எனவும் கொள்வோம். ஆண்டுச் சேமிப்பு 800 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வாங்கியவருக்குக் கூடுதல் விலை திரும்பிவிடும். முத்திரை இன்றேல் இக்கணக்கை அவர் போட இயலாது. நிறுவனமும் தன் திறனுக்கு விலை கேட்க இயலாது.

நிறுவனத்தின் பக்கமிருந்தும் ஒரு கணக்கைப் பார்க்கலாம். உற்பத்தி முறையை மாற்ற 20 கோடி ரூபாய் செலவு என்றும், ஆண்டு விற்பனை 2 இலட்சம் பெட்டிகள் என்றும், பெட்டிக்குக் கூடுதல் இலாபம் 300 ரூபாய் என்றும் கொண்டால், ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் கிடைக்கும். வட்டியை நீக்கிப் பார்த்தால் மூன்றரை ஆண்டுகளுக்குள் முதலீடு மீளும். இரண்டு ஆண்டுகளில் போட்டியாளர்களும் அதே தரத்தை எட்டிவிட, கூடுதல் இலாபம் 100 ரூபாயாகக் குறைந்தால், எஞ்சிய 8 கோடி ரூபாயை மீட்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆகும். முத்திரைக்கான அளவுகோலும் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றது. 2022 ஜூலையில் குளிரூட்டிகளுக்கான அளவுகோல் உயர்ந்தபோது, முந்தைய ஐந்து நட்சத்திரக் கருவிகள் நான்கு நட்சத்திரத்துக்கு இறங்கின. பசுமைப் பொருளால் வரும் மேம்பாடு நிலையான சொத்தாக இருப்பதில்லை. தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டியதாகும்.

எல்.இ.டி. விளக்குகளின் அனுபவம் இதனை மேலும் வலியுறுத்துகின்றது. அரசுத்துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். மொத்தமாகக் கொள்முதல் செய்தமையால், 2014இல் 310 ரூபாயாக இருந்த விளக்கின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாயாகச் சரிந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின்வழி 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன. நாட்டுக்கு இது பெரும் ஆதாயம். உற்பத்தியாளருக்கோ விற்பனை அளவு பெருகியது. ஒரு விளக்கின் மீது கிடைக்கும் இலாபம் சுருங்கியது. பெரிய அளவில், குறைந்த செலவில் உற்பத்தி செய்ய வல்லவர்களே நிலைத்தனர்.

செம்பூர்: நீரும் வாயுவும்

1978இல் தனி நிறுவனமாக அமைக்கப்பட்ட, பொதுத்துறையைச் சேர்ந்த ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் டிராம்பே ஆலை செம்பூரில் உள்ளது. உரத் தயாரிப்புக்குப் பெருமளவு நீர் தேவை. மும்பையிலோ குடிநீருக்கே தட்டுப்பாடு. மழை பொய்த்த ஆண்டுகளில் மாநகராட்சி நீரைக் குறைத்தால் ஆலையின் உற்பத்தியும் தடைப்படும். ஆகவே மாநகரின் கழிவுநீரை நாளொன்றுக்கு 2 கோடி லிட்டருக்கு மேல் பெற்றுச் சுத்திகரித்து, ஆலைத் தேவைக்குப் பயன்படுத்தும் நிலையத்தை இந்நிறுவனம் அமைத்தது. பின்னர் அருகிலுள்ள பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையுடன் இணைந்து இரண்டாவது நிலையமும் அமைக்கப்பட்டது. சுத்திகரிக்கச் செலவு உண்டு. எனினும் ஆலை ஒரு நாள் நின்றால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டே அச்செலவை மதிப்பிட வேண்டும். இது சந்தை நிலவரத்தை மட்டுமே நம்பியிராத ஆதாயம்.

இதே ஆலையில் வேறுவகை அனுபவமும் உண்டு. நைட்ரிக் அமிலத் தயாரிப்பின்போது நைட்ரஸ் ஆக்சைடு வாயு வெளியேறுகின்றது. புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலிமை வாய்ந்தது. தக்க வினையூக்கியைக் கொண்டு அதனைச் சிதைக்கலாம்; ஆனால் அதனால் விற்பனைக்குரிய பொருள் எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. கியோட்டோ உடன்பாட்டின் தூய்மை வளர்ச்சி முறை, இவ்வாறு தவிர்க்கப்படும் வாயுவுக்குச் சான்றுகளை வழங்கி, அவற்றை விற்க வழிசெய்தது. இவ்வாலையும் அம்முறையில் பங்கேற்றது. 2008இல் 20 யூரோவுக்கு மேல் விற்ற ஒரு சான்று, 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது. வாயுவைச் சிதைக்கும் தொழில்நுட்பத்தில் எக்குறையும் நேரவில்லை. அதற்கு விலை தந்த சந்தையே சரிந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட இந்திய கார்பன் வரவு வணிகத் திட்டத்தை நடைமுறைப்படுத்துவோர் இந்த வரலாற்றை மறத்தலாகாது.

ஆய்வாளர் கருத்துக்கள்

தக்க முறையில் வகுக்கப்பட்ட சுற்றுச்சூழல் விதிகள் புத்தாக்கத்தைத் தூண்டி, அவ்விதிகளால் ஏற்படும் செலவையே ஈடுசெய்யக்கூடும் என்னும் கருத்தை மைக்கேல் போர்ட்டர் 1991இல் வெளியிட்டார். 1995இல் வான் டெர் லிண்டேயுடன் சேர்ந்து அதனை விரித்துரைத்தார். செலவின்றி இத்தகைய வாய்ப்பு இருக்குமானால் நிறுவனங்கள் அதனை ஏன் தாமாகவே கண்டுகொள்ளவில்லை என மறுத்தோரும் உண்டு. ஹார்ட், அகுஜா ஆகியோர் அமெரிக்க நிறுவனங்களைக் குறித்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, மாசைக் குறைத்த நிறுவனங்களின் விற்பனை இலாபமும் சொத்துக்களின் மீதான ஈட்டமும் ஓரிரு ஆண்டுகளில் உயர்ந்தன எனவும், பங்கு முதலீட்டின் மீதான ஈட்டம் உயர மேலும் காலம் பிடித்தது எனவும் கண்டது.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும் மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்திற்கொள்ள வேண்டும். பசுமையான நிறுவனம் இலாபகரமாக இருப்பதைக் கொண்டு, பசுமையே இலாபத்தின் காரணம் என முடிவு கட்டலாகாது. ஏற்கெனவே நல்ல இலாபம் ஈட்டும் நிறுவனமே இத்துறையில் செலவிடும் வசதி படைத்ததாகவும் இருக்கலாம்.

தாராவி: விற்ற பின் வரும் கணக்கு

இதுகாறும் கண்ட கணக்குகள் யாவும் பொருள் விற்பனையாவதோடு முடிவன. ஆனால் பொருளின் வாழ்வு அதற்குப் பின்னரும் தொடர்கின்றது. தமிழ்நாட்டில் காயலான் கடை எனவும் மும்பையில் ‘பங்கார்’ எனவும் வழங்கும் பழம்பொருள் வணிகத்தின் பெருமையங்களுள் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பகுதி ஒன்று. வாளிகள், குப்பிகள், கருவிகளின் மேற்கூடுகள் ஆகிய பிளாஸ்டிக் பொருள்கள் இங்குக் கையால் தரம் பிரிக்கப்படுகின்றன. நிறம், கனம், தட்டினால் எழும் ஓசை, எரித்தால் எழும் மணம் ஆகியவற்றைக் கொண்டே அனுபவமுள்ள தொழிலாளர் அவற்றின் வகையை அறிகின்றனர். பின்னர் அவை இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு, கழுவப்பட்டு, கூரைகளின்மேல் உலர்த்தப்பட்டு, உருக்கி இழைகளாக இழுக்கப்பட்டு, குருணைகளாக வெட்டப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுகின்றன.

பசுமைப் பொருளாதாரம் என்னும் சொல் வழக்குக்கு வருவதற்கு முன்னரே இலாப நோக்கில் இயங்கி வந்த தொழில் இது. ஆனால் இதன் இலாபத்தில் ஒரு பகுதி, செலவிடப்படாத செலவிலிருந்து வருகின்றது. காற்றோட்டமற்ற சிறு அறைகளில் உருகும் பிளாஸ்டிக்கின் புகையைச் சுவாசிப்போரும், கையுறையின்றி உடைந்த பொருள்களைப் பிரிப்போரும் தம் உடல்நலத்தால் அச்செலவை ஈடுகட்டுகின்றனர். எந்த நிறுவனத்தின் ஏட்டிலும் அது பதிவாவதில்லை.

குருணையின் விலையும் இவர்கள் கையில் இல்லை. புதிய பிளாஸ்டிக் கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படுவது. எண்ணெய் விலை இறங்கினால் புதிய பிளாஸ்டிக் மலிவாகும். மறுசுழற்சிக் குருணையை வாங்குவோர் குறைவர். 2014ஆம் ஆண்டின் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேலிருந்த எண்ணெய், 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 50 டாலருக்கும் கீழே சரிந்தபோது மறுசுழற்சித் தொழில் கடும் நெருக்கடிக்குள்ளாயிற்று. உலக எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கம் தாராவித் தொழிலாளரின் நாட்கூலியைத் தொடுகின்றது. பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பொருள் ஒரு குறிப்பிட்ட பங்கு இருக்க வேண்டும் என்றும், அப்பங்கு படிப்படியாக உயர வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எண்ணெய் விலையைச் சாராத தேவையை உண்டாக்குவதே இவற்றின் பொருளாதாரச் சிறப்பு.

தொழில்நுட்ப நிறுவனங்களை நேரடியாகத் தொடுவது மின்னணுக் கழிவு விதி. 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த முதல் விதிகள், உற்பத்தியாளரின் பொறுப்பைப் பொருள் விற்ற பின்னரும் நீட்டித்தன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி, ஆயுட்காலம் முடிந்த பொருள்களின் எடையில் 60 விழுக்காட்டை 2023–24, 2024–25ஆம் ஆண்டுகளில் மறுசுழற்சி செய்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70 விழுக்காடும், 2027–28 முதல் 80 விழுக்காடும் இலக்காகும். உற்பத்தியாளர், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றுகளை வாங்கி இக்கடமையை நிறைவேற்றலாம். இச்சான்றுகளுக்கு 2024இல் அடிவிலையும் உச்சவிலையும் விதிக்கப்பட்டன. தங்கள் செலவு பெருமளவு உயர்கின்றது எனக் கருதிய சில நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. கழிவின் செலவு உற்பத்தியாளரின் கணக்கேட்டில் முதன்முறையாகக் கனமான எண்ணாக எழுதப்படுகின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அச்சான்றின் பயன் யாரைச் சென்றடையும்? தாராவி போன்ற இடங்களில் இயங்கும் மிகப் பல சிறு கூடங்களுக்குப் பதிவோ, போதிய இடமோ, முறையான இரசீதுகளோ இல்லை. பொருளைச் சேகரித்துப் பிரிக்கும் உழைப்பு அவர்களுடையது. சான்றின் விலை பதிவு பெற்ற ஆலைக்கு உரியது. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் செயற்படத் தொடங்கியுள்ள இந்நாளில், இக்கூடங்கள் எங்குச் செல்லும் என்பது நகர அமைப்புச் சிக்கல் மட்டுமன்று. நாட்டின் மறுசுழற்சித் திறனையும், அதனை நம்பியுள்ள நிறுவனங்களின் செலவையும் சார்ந்த சிக்கலுமாகும்.

செய்ய வேண்டுவன

மூன்று இடங்களையும் ஒருசேரப் பார்க்கும்போது ஒரு முக்கிய உண்மை புலனாகின்றது. தாராவியில் ஏற்படும் செலவு, பொருள் வடிவமைக்கப்படும் மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன மேற்கூடு அங்கு நல்ல விலை பெறும். பல அடுக்குகள் ஒட்டப்பட்ட சிறு உறையை வாங்குவோர் இலர். திருகாணியால் பொருத்தப்பட்ட மின்கலத்தை எளிதில் கழற்றலாம். பசையால் ஒட்டியதை உடைத்தே எடுக்க வேண்டும். பழம்பொருள் வணிகரின் விலைப்பட்டியல் வடிவமைப்புப் பொறியாளருக்கு ஒரு பாடநூலாகும். நீட்டித்த பொறுப்பின் கட்டணம் எடையை மட்டும் சார்ந்திராமல், பிரித்தெடுக்கும் எளிமையையும் சார்ந்து அமைந்தால், நல்ல வடிவமைப்புக்கு நிறுவனத்தின் கணக்கிலேயே பரிசு கிடைக்கும்.

இரண்டாவதாக, விதிகளின் போக்கை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஐந்து, பத்து ஆண்டுகளுக்கான அளவுகோல்கள் தெரிந்திருந்தால் நிறுவனங்கள் ஒரே மாற்றத்தில் நெடுந்தூரம் செல்ல இயலும். மூன்றாவதாக, சான்றுகளின் சந்தையை நம்பி முதலீடு செய்வோருக்கு, விலை அடியோடு வீழாது என்னும் உறுதி வேண்டும். நான்காவதாக, சிறு மறுசுழற்சிக் கூடங்களைக் கூட்டுறவு அமைப்புகளாகத் திரட்டி, காற்றோட்டமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உடைய பொதுக் கூடங்களில் இடமளித்துப் பதிவு செய்தல் வேண்டும். புனே நகரில் குப்பை சேகரிப்போரே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்து பணியாற்றி வந்துள்ளமை இதற்கு முன்மாதிரியாகும்.

பசுமைப் பொருள் நிறுவனத்துக்கு இலாபம் தருமா என்னும் கேள்விக்கு விக்ரோலியும் செம்பூரும் தரும் விடை, நெடுங்கால நோக்கும் உறுதியான விதிகளும் இருந்தால் தரும் என்பதே. அந்த இலாபம் முழுமையானதா என்னும் கேள்விக்குத் தாராவியில்தான் விடை காண வேண்டும். பொருளைப் பிரித்தெடுக்கும் தொழிலாளரின் கூலியும் உடல்நலமும் பொருளின் விலையில் இடம்பெறும் வரையில், நிறுவனத்தின் ஏடு காட்டும் இலாபம் குறைக் கணக்கே ஆகும்.